நெல்லையைத் தண்ணீர் போகும் வழியில் பார்ப்பது எப்படி: அணைக்கட்டு முதல் படித்துறை வரை முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்கு வருகிறவர்களில் பலர் ஜங்ஷனில் இறங்கி, நெல்லையப்பரைக் கும்பிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். ஆற்றைப் பேருந்து ஜன்னல் வழியாக அரை நிமிடம் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். இந்த ஊரை அப்படிப் பார்த்தால் பாதிகூடப் பார்த்ததாகாது. டவுன், பேட்டை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாமே தாமிரபரணியையும் அதிலிருந்து பிரியும் கால்களையும் (கால்வாயை இங்கே கால் என்பார்கள்) ஒட்டி வளர்ந்தவை. அணைக்கட்டில் பிரியும் தண்ணீர் எந்த வரிசையில் ஊருக்குள் போகிறதோ, அதே வரிசையில் நீங்களும் போனால் ஊர் தானாகப் புரியும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. முதல் நாள் ஊருக்குள், இரண்டாம் நாள் மேற்கே மலையடிவாரம், மூன்றாம் நாள் கிழக்கே கடலை நோக்கி. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் முதல் நாளை மட்டும் முழுசாகச் செய்யுங்கள். மூன்றையும் பிய்த்துப் பிய்த்துச் செய்ய வேண்டாம்.

தண்ணீரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஊருக்குள் மழை குறைவு. ஆனால் மலையில் தென்மேற்குப் பருவத்திலும் பெய்யும், வடகிழக்குப் பருவத்திலும் பெய்யும். அதனால்தான் சுற்றிலும் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் ஆற்றில் ஏதாவது தண்ணீர் கிடக்கிறது.

இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து 86,107 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

அணைக்கட்டு என்றதும் பாபநாசம் அணை மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். இவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஆற்றின் மட்டத்தை ஓரிரு ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும். அந்த உயரத்தில் கரையோரம் உள்ள மதகு வழியாகத் தண்ணீர் காலுக்குள் திரும்பும். மிச்சம் அணைக்கட்டின் தலைமேல் வழிந்து ஆற்றோடு போகும். கால்வாய் குளத்தை நிரப்பும். குளத்து மடை வயலுக்குப் பாயும். வயலில் வடியும் தண்ணீர் ஓடை வழியே மறுபடி ஆற்றுக்கு வரும். அதை அடுத்த அணைக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஒரே தண்ணீர் கடலுக்குப் போவதற்குள் பல தடவை வேலை செய்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், பயணத்தில் பார்க்கும் ஒவ்வொரு மதகும் மடையும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

எந்த மாதம்

கார் என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள், அணைகளில் இருப்பு இருந்தால். அடுத்த போகமான பிசானத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் திறந்து பங்குனி வரை ஓடும். இடையில் ஏப்ரல், மே மாதங்களில் கால்கள் காய்ந்திருக்கும். அப்போது வந்தால் டவுனை ஒட்டிய நயினார்குளத்தில் மண்ணையும் அமலைச் செடியையும் (ஆகாயத்தாமரை)தான் பார்ப்பீர்கள்.

தை, மாசி மாதங்கள்தான் எல்லாவற்றுக்கும் பொருந்திய நேரம். குளம் நிறைந்திருக்கும், நெல் பச்சையாக நிற்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும், பறவைகளும் வந்திருக்கும். ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் நன்றாக இருக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால் அப்போது வரலாம், கூட்டத்துக்குத் தயாராக.

கார்த்திகையும் மார்கழி முதல் பாதியும் ஆபத்தான நாட்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் ஆறு ஊருக்குள் வந்தது. 2023ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் எச்சரிக்கை அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முன்பதிவுப் பணம் போனால் போகட்டும்.

அமாவாசைக்கு, குறிப்பாக ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும், ஊர் பார்க்க வராதீர்கள். படித்துறை எல்லாம் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களுக்கு உரியதாக இருக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர் அங்கே இடைஞ்சல்தான்.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

1. நெல்லைப் பதிப்பு நாளிதழில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வரும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்க வழியால் இணைந்தவை என்பதால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். பாபநாசம் நிறையும் தறுவாயில் இருந்து மலையில் மழையும் பெய்தால், உபரி ஆற்றில்தான் வரும். ஊரில் வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும்.

2. அணையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பச்சையாறு மாதிரி கிளையாறுகள் அந்த அணைகளுக்குக் கீழேதான் சேர்கின்றன. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு ஊரைத் தாண்டி சீவலப்பேரியில் சேர்கிறது. ஆகவே குற்றாலத்தில் வெள்ளம் என்றால் நெல்லை நகருக்கு அதனால் பாதிப்பு இல்லை. மூன்றாம் நாள் போகும் ஸ்ரீவைகுண்டத்துக்கு உண்டு.

3. எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஈரமானாலும் வழுக்காத செருப்பு, மாற்று உடுப்பு, இரண்டு துண்டு, கைப்பேசிக்கு ஒரு நெகிழி உறை, குடிதண்ணீர், சில்லறை. கோயில்களுக்கு வேட்டியோ சேலையோ சுடிதாரோ உடுத்துவது நல்லது. அரைக்கால் சட்டையோடு போனால் சில இடங்களில் தடுப்பார்கள்.

4. தங்குமிடம் ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டைப் பக்கமோ எடுங்கள். ரயிலுக்கும் ஆற்றுக்கும் அதுதான் நடு. வெளியூர்ப் பேருந்துகள் வேய்ந்தான்குளத்தில் உள்ள புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து நகரப் பேருந்தில் ஜங்ஷன் வரலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது.

வழி கேட்கத் தயங்க வேண்டாம். "அண்ணாச்சி, ஆத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு?" என்று துறையில் துணி துவைக்கிறவரிடமோ டீக்கடையிலோ கேட்டால் சரியான பதில் வரும். "கரண்டைக்கால்", "முழங்கால்", "இடுப்பளவு", "ஆள் முங்கும்" என்று அளவு சொல்வார்கள். "கசம் இருக்கு" என்று சொன்னால் அந்த இடத்தில் இறங்கவே கூடாது. கசம் என்றால் ஆழ்குழி. மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், காலை வைத்தால் தரை இருக்காது. மணல் அள்ளிய இடங்களிலும் இப்படிப் பள்ளம் உண்டு. போன வருடம் நடந்து போன இடம் இந்த வருடம் கசமாகியிருக்கும். அந்தத் துறையில் தினமும் குளிக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

முதல் நாள்: ஊருக்குள்

*காலை 6 மணி, சுத்தமல்லி அணைக்கட்டு.* டவுனுக்கு மேற்கே பேட்டை வழியாகப் போக வேண்டும். நகரப் பேருந்து உண்டு, ஆனால் விடிகாலையில் ஆட்டோ பேசிக்கொண்டு போவதே தோது. திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நெல்லைக் கால்வாய் பிறப்பது இங்கேதான். தலைமதகைத் தேடிப் பாருங்கள். ஆறு ஒரு பக்கம் மணலும் பாறையுமாக அகன்று கிடக்க, கால்வாய் கரையோரமாக ஒடுங்கிக் கிளம்பும். இரண்டின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். ஆறு தாழ்ந்துகொண்டே போகும். கால் சரிவு குறைவாக, கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஊரை நோக்கிப் போகும். அந்த உயர வித்தியாசம்தான் வயலுக்குத் தண்ணீர்.

அணைக்கட்டின் மேல் நடக்காதீர்கள். தண்ணீர் லேசாக வழியும்போதும் கல்லில் பாசி பிடித்திருக்கும். அதைவிட மோசம், அணைக்கட்டின் கீழ்ப்பக்கம் குளிப்பது. மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் உருண்டு, மேல்மட்டத்தில் அணைக்கட்டை நோக்கியே திரும்ப இழுக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. கரையில் நின்று பாருங்கள், போதும்.

*காலை 8 மணி, குறுக்குத்துறை.* ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய இடம் இது. டவுனிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கிப் போனால் சாலை படித்துறையில் முடியும். ஆற்றுக்குள்ளேயே, பாறையின் மேல், முருகன் கோயில். இந்தப் பாறையில் செதுக்கியதுதான் திருச்செந்தூர் மூலவர் என்று ஊரில் சொல்வார்கள். திருவுருமாமலை என்ற பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கோயிலுக்குள் போவதற்கு முன் வெளியே நின்று, ஆறு வரும் திசையில் இருக்கும் சுவரைப் பாருங்கள். படகின் முகப்பு மாதிரி கூராக இருக்கும். வெள்ளம் மோதும்போது தண்ணீரை நேருக்கு நேர் தாங்காமல் இரண்டாகக் கிழித்து இரு பக்கமும் அனுப்புவதற்கு அந்த வடிவம். நேர்ச்சுவராக இருந்தால் ஆற்றின் முழு வேகமும் அதன்மேல் விழும். கூடவே மிதந்து வரும் மரமும் செடியும் அங்கேயே அடைந்து அழுத்தத்தைக் கூட்டும். கூர்முனையில் எதுவும் தங்காது.

அடுத்து கட்டடத்தின் உயரத்தைக் கவனியுங்கள். ஓங்கிய கோபுரம் இல்லை. தாழ்ந்த, கனமான கல்மண்டபம். பெரிய வெள்ளத்தில் ஆறு இதை முழுக்க மூடிக்கொண்டு போகும். தண்ணீர் உள்ளேயும் புகுந்து நிறைந்துவிடுவதால் சுவரின் இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. கல்லின் எடை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரைத் தடுக்க நினைக்காமல் வந்து போக விட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியல் முதலான பொருள்களையும் கரையில் மேடான இடத்தில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிப் பூசையைத் தொடர்வார்கள். மேலக்கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கோயில்.

குளிப்பதானால் ஊருக்குள் இந்தத் துறையில், ஆட்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். இதற்குக் கீழே, பாலத்தை நெருங்க நெருங்க, சாக்கடை வந்து கலக்கும் இடங்கள் இருக்கின்றன. தாமிரபரணிக்கு இந்த ஊர் செய்கிற பெரிய தீங்கு அது. சோப்பு, ஷாம்பு உறைகளையும் பழைய துணியையும் ஆற்றில் விடாதீர்கள். கட்டிய துணியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும் என்று நினைத்து விடுகிற துணியெல்லாம் பாறையிலும் மதகிலும் சிக்கிக் கிடக்கிறது.

*காலை 9.30, நெல்லையப்பர் கோயில்.* குறுக்குத்துறையிலிருந்து டவுனுக்கு ஆட்டோவில் சில நிமிடம். பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதால், முழுசாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் கையில் இருக்க வேண்டும்.

அம்மன் சன்னதி வழியாக நுழைந்து காந்திமதி அம்மனைப் பார்த்துவிட்டு, சங்கிலி மண்டபம் வழியே சுவாமி கோயிலுக்குப் போங்கள். தனித்தனியாக இருந்த இரண்டு கோயில்களை 1647ல் வடமலையப்ப பிள்ளையன் இந்த மண்டபத்தால் இணைத்தார். பலர் இதை வெறும் நடைபாதையாக நினைத்து வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தூண் சிற்பங்களைப் பார்க்க இங்கேயே இருபது நிமிடம் கொடுங்கள். பொற்றாமரைக் குளத்தங்கரையில் சற்று உட்காரலாம். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைக் கையாலோ நாணயத்தாலோ தட்ட வேண்டாம். நூற்றாண்டுகளாகத் தட்டித் தட்டித்தான் தேய்ந்திருக்கின்றன. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையின் மர வேலைப்பாட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காயப்போட்ட நெல்லை மழை அடித்துக்கொண்டு போகாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்பதுதான் இந்த ஊர்ப்பெயரின் கதை. வெள்ளமும் நெல்லும் சேர்ந்த கதை என்பதைக் கவனியுங்கள். ஆற்றங்கரை ஊருக்கு அதைவிடப் பொருத்தமான கதை இருக்க முடியாது.

*பகல்.* 12 முதல் 4 வரை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கோயில் பூட்டியிருக்கும், மணல் கொதிக்கும், ஆற்றில் கண் கூசும். சொதி கிடைத்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். தேங்காய்ப்பாலில் வைப்பது, கல்யாண மறுவீட்டுச் சாப்பாடு என்பதால் எல்லா உணவகத்திலும் தினமும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

*மாலை 4 மணி, நயினார்குளம்.* காலையில் சுத்தமல்லியில் பிரிந்த தண்ணீர் வந்து சேரும் குளங்களில் ஒன்று. டவுனை ஒட்டியே இருக்கிறது. பக்கத்தில் மொத்தக் காய்கறிச் சந்தை. கரையில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் தாழ்வில் வயல். கரையின் இரு பக்க மட்டத்தையும் பாருங்கள். குளம் என்றால் தோண்டிய பள்ளம் என்று நினைப்போம். இங்கே ஒரு பக்கம் கரை போட்டு, இயற்கைச் சரிவில் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் மடையைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே வயலுக்குப் பாய்கிறது.

கரை மரங்களிலும் தண்ணீரோரத்திலும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் இருக்கும். வெயில் சாயும் நேரத்தில் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். பறவையில் நிஜமான ஆர்வம் உள்ளவர்கள் இன்னொரு நாள் ஒதுக்கி, தெற்கே 38 கிலோமீட்டரில் உள்ள கூந்தன்குளம் போங்கள். மணிமுத்தாறு தண்ணீர் போய்ச் சேரும் குளம் அது. ஊர்க்காரர்களே பறவைகளைக் காப்பாற்றுகிறார்கள், வீட்டு வாசல் மரத்தில்கூடக் கூடு இருக்கும். 1994ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மாசி முதல் சித்திரை வரை போகலாம்.

*மாலை 5.30, சுலோச்சன முதலியார் பாலம்.* ஜங்ஷனையும் கொக்கிரகுளத்தையும் இணைக்கும் இந்தப் பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். பாலத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மேலே நின்றால் வாகனங்கள்தான் தெரியும். கரையில் இறங்கி, தண்ணீர் மட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். லண்டனின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய 11 வளைவுகள் வரிசையாகத் தெரியும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம், 1843ல் திறந்தார்கள். அதற்கு முன்பு டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அகலப்படுத்தி, பக்கத்தில் இன்னொரு பாலமும் வந்துவிட்டதால், பழைய வளைவுகள் எந்தப் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிகின்றன என்று இரண்டு கரையிலும் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே ஜங்ஷன் கரையில் கைலாசபுரமும் சிந்துபூந்துறையும். ஆற்றோரம் நிற்கும் தைப்பூச மண்டபத்தைப் பாருங்கள். தைப்பூசத்தன்று நெல்லையப்பர் டவுனிலிருந்து இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். மண்டபத் தூண்களில் வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று அங்கே நிற்கும் யாரிடமாவது கேளுங்கள். கையை உயர்த்திக் காட்டுவார்கள். இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுங்கள். விளக்கும் கிடையாது, படிகளில் உடைசலும் அசுத்தமும் உண்டு.

*இரவு 7.30.* மறுபடி டவுன். ரத வீதிகளை ஒரு சுற்று நடந்து, கீழ ரத வீதியில் அல்வா. பெயர்போன கடையில் மாலையில்தான் விற்பனை, வரிசை நீளம், சீக்கிரம் தீர்ந்துபோகும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம்; சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சரியாக இருக்கும் கடைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. இலையில் ஐம்பது கிராம் சூடாக வாங்கித் தின்று பார்த்துவிட்டு, பிடித்தால் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்: மலையை நோக்கி

தென்காசி போகும் காலை ரயிலில் ஏறுங்கள். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நிற்கும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ரயில் ஆற்றைக் கடக்கும். கதவருகே நிற்காமல் ஜன்னலோரம் இருந்து பாருங்கள்.

நேரம் இருந்தால் சேரன்மகாதேவியில் இறங்கி, கன்னடியன் கால்வாய்க் கரையில் உள்ள மிளகுப் பிள்ளையாரைப் பாருங்கள். மழை பொய்த்தால் மிளகை அரைத்துப் பிள்ளையார் மேல் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் காலில் கலந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. இந்தக் காலை வெட்டிய கன்னடியனைப் பற்றி ஒரு கதை உண்டு. பசு போன வழியில் கால் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் தோண்டினானாம். கதைதான், ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மேயும் பசு செங்குத்தாக ஏறாது, சடாரென இறங்காது. மேட்டைச் சுற்றி ஒரே மட்டத்தில்தான் நடக்கும். காலுக்கு வேண்டிய வழியும் அதுதானே.

அடுத்து திருப்புடைமருதூர். ரயில் என்றால் வீரவநல்லூரிலோ, பேருந்து என்றால் முக்கூடலிலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். ஐந்து நிலைக் கோபுரத்துக்குள்ளே மரச் செதுக்கல்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. கப்பலில் குதிரை வந்திறங்கும் காட்சியும், தாமிரபரணிக் கரைப் போர் என்று ஆய்வாளர்கள் கருதும் காட்சியும் அவற்றில் உண்டு. எல்லாருக்கும் எப்போதும் திறந்துவிட மாட்டார்கள். காலையிலேயே கோயில் அலுவலகத்தில் கேட்க வேண்டும். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். உள்ளே போக விட்டால் ஓவியத்தைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், ஏணியில் ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன; 2005ல் இந்த இடத்தைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளுப் பாட்டில் வரும் முக்கூடல் இந்த முக்கூடல் அல்ல. அது நெல்லைக்கு வடகிழக்கே, சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரி. பெயரைப் பார்த்து வண்டி ஏறி எதிர்த்திசையில் வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

பிற்பகலில் பாபநாசம். ஆறு சமவெளியில் இறங்கும் இடம். கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் பெரிய மீன்கள் காலருகே வரும். இங்கே குளியல்தான் காட்சி. ஆனால் படிகளை விட்டு நடு ஆற்றுக்குப் போகாதீர்கள், பாறைக்கு இடையே இழுப்பு அதிகம். அகத்தியர் அருவிக்கு வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும், பகலில் மட்டும். நெகிழிப் பை, மது, எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது. மேலே புலிகள் காப்பகம். வெள்ளம் என்றால் அருவியை மூடிவிடுவார்கள். சாவடியிலேயே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள்: கடலை நோக்கி

திருச்செந்தூர் ரயில். ஸ்ரீவைகுண்டம் நிலையம் ஆற்றின் தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது, ஊர் வடகரையில். ஆற்றைக் கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும் என்பதால் எட்டாவது அணைக்கட்டைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. மேலே தண்ணீர் பரந்து நிற்கும். கோடையில் கீழே பார்த்தால் வெறும் மணலாக இருக்கலாம். ஆற்றின் கடைசி அணைக்கட்டு என்பதால் மிச்சத் தண்ணீரெல்லாம் வடகாலுக்கும் தென்காலுக்கும் போய்விடுகிறது.

நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் பார்க்க வாடகை வண்டி வேண்டும். புரட்டாசி சனிக்கிழமைகளைத் தவிருங்கள். ஊர் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஸ்ரீவைகுண்டமும், நம்மாழ்வாரின் புளியமரம் இருக்கும் ஆழ்வார்திருநகரியும் போதும்.

பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூரை விட்டுவிடாதீர்கள். தென்கரையில், திருச்செந்தூர் சாலையில், நெல்லையிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். 1876ல் ஜெர்மானியரான யாகோர் முதலில் தோண்டிப் பார்த்தார். பிறகு அலெக்சாண்டர் ரே 1899 முதல் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்தார். 2023ல் திறந்த தள அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழியைத் தோண்டியபடியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள் இருக்கும். புதைத்த இடம் பயிருக்கு உதவாத பரம்பு மேடு என்பதைக் கவனியுங்கள். ஆறு பாயும் நல்ல நிலத்தை அந்தக் காலத்திலேயே வயலுக்கு விட்டிருக்கிறார்கள். நிழல் குறைவு என்பதால் காலை 10 மணிக்குள் போய்விடுங்கள்.

கொற்கைக்குப் போனால் கடலைத் தேடாதீர்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் கரையைத் தள்ளிவிட்டது. அங்கே நிற்க வேண்டியது அந்த வயல்வெளியைப் பார்க்கத்தான். கழிமுகத்தைப் பார்க்க விரும்பினால் புன்னைக்காயல் வரை போக வேண்டும், பேருந்து குறைவு. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.